அப்பாவுக்கு வந்த குறுஞ்செய்தியும் நான் எழுதிய வடிகட்டியும்

கும்பகோணத்திலிருந்து அப்பா ஒரு நாள் மாலை அழைத்து, "ஏம்மா, கரண்ட் பில் கட்டிவிட்டாயா?" என்று கேட்டார். கட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. "அப்படியானால் இவர்கள் ஏன் இன்றிரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிக்கப்போவதாகச் சொல்கிறார்கள்? அதிகாரியின் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டேன். ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்கிறார். அது எப்படி என்று கேட்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றார்.

செயலியை இறக்கத் தெரியாமல் போனதுதான் அன்று அவருடைய பணத்தைக் காப்பாற்றியது. அது திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலி. இறக்கியிருந்தால் வங்கிக் கடவுச்சொல்லை அவர் தட்டத் தட்ட எதிர்முனையில் ஒருவன் படித்துக்கொண்டிருப்பான். "அது மோசடி, வைத்துவிடுங்கள்" என்றேன். அப்பா வைக்கவில்லை. "மோசடி என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டார். முப்பத்துநான்கு ஆண்டு தமிழாசிரியராக இருந்தவர், வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் போட்டுப் பழகாதவர். "எனக்குத் தெரியும் அப்பா" என்றால் விடமாட்டார்.

அந்தச் செய்தி இதுதான்: "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கடந்த மாத கட்டணம் புதுப்பிக்கபடாததால் இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கபடும். உடனடியாக மின் அதிகாரியை தொடர்பு கொள்ளவும்." கீழே பத்து இலக்கக் கைப்பேசி எண். 2022 வாக்கில் இந்தியா முழுக்க ஆங்கிலத்தில் சுற்றிய அதே வாசகத்தின் தமிழாக்கம்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இயந்திரக் கற்றல் எனக்கு ஆராய்ச்சி அல்ல, மாணவர்களின் செய்முறை நோட்டில் கையெழுத்துப் போடும் அளவுக்கான பழக்கம்தான். அப்பாவுக்காக ஒன்று செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு குறுஞ்செய்தியைக் கொடுத்தால் மோசடியா இல்லையா என்று சொல்ல வேண்டும், அதோடு ஏன் என்பதையும் அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆயிற்று.

எல்லோரும் தொடங்கும் இடத்தில்தான் நானும் தொடங்கினேன். தியாகோ அல்மேடாவும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட குறுஞ்செய்தித் தொகுப்பில் 5,574 செய்திகள் இருக்கின்றன, அவற்றில் 747 வேண்டாத செய்திகள். பைத்தான் நிரல்மொழியில், சைகிட்-லேர்ன் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு, சொற்களை எண்ணி, அரிதான சொற்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் ஊட்டினேன். இந்த முறை ஒரு தராசு போன்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடை உண்டு, மோசடிப் பக்கம் இழுப்பவை கூட்டல், நல்ல பக்கம் இழுப்பவை கழித்தல். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். எந்தச் சொல் எவ்வளவு இழுத்தது என்பதை அப்படியே அச்சிட்டுக் காட்டவும் முடியும். பெரிய நரம்பியல் வலையமைப்புகளில் இது இவ்வளவு சுலபமில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து எடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். மோசடிப் பக்கம் பரிசு, இலவசம், ரிங்டோன் என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள், எதிர்பார்த்தவைதான். நல்ல பக்கம் இருந்தவைதான் வேடிக்கை: லோர், லா, லார். சிங்கப்பூரில் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அசைகள். தொகுப்பு உருவான கதையைப் படித்தபோது விஷயம் விளங்கியது. நல்ல செய்திகளில் 3,375 சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் திரட்டிலிருந்து வந்தவை. வேண்டாதவற்றில் பெரும்பகுதி பிரிட்டனில் மக்கள் புகாராகப் பதிந்தவை. தொகுப்பின் முதல் செய்தியே ஜூராங் பாயிண்ட், பூகிஸ் என்று சிங்கப்பூர் இடங்களைப் பேசுகிறது. முதல் வேண்டாத செய்தியோ 2005-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் தருவதாகச் சொல்கிறது. என் தராசு மோசடியைக் கற்றதில் பாதி, சிங்கப்பூர் ஆங்கிலத்தையும் பிரிட்டன் விளம்பரத்தையும் பிரித்தறியக் கற்றதுதான். கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இதனால் பயனில்லை.

ஆகவே சொந்தமாகச் சேகரிக்க வேண்டியிருந்தது. உறவினர், நண்பர், மாணவர் என்று நாற்பது பேரிடம் கேட்டேன். "மோசடிச் செய்தி வந்தால் அனுப்புங்கள், தொலைபேசி எண்களை மட்டும் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுங்கள்." மூன்று மாதத்தில் 386 மோசடிச் செய்திகள் சேர்ந்தன. நல்ல செய்திகள் 1,240. பெரும்பாலும் என் கைப்பேசியிலிருந்தும் அம்மாவின் கைப்பேசியிலிருந்தும் எடுத்தவை: வங்கி, எரிவாயு, ரயில் முன்பதிவு, பால்காரர், சித்தி. தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் என்று மூன்று வகையும் கலந்திருந்தன. மூன்றாவது வகை ஏன் இவ்வளவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு காரணம்: ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் கொள்ளும், தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலே 70 ஆகச் சுருங்கிவிடும். கூட்டமாக அனுப்புகிறவனுக்குச் செய்தி நீண்டால் செலவு இரட்டிப்பு. மோசடிக்காரனும் கணக்குப் பார்க்கிறவன்தானே.

இந்தத் தரவைப் பழைய நிரலில் போட்டேன். மதிப்பெண் மறுபடியும் 98. அப்பாவுக்குக் காட்டலாம் என்று, அவருக்கு வந்த செய்தியையே கொடுத்து, விடையையும் முதல் மூன்று காரணங்களையும் அச்சிட்டேன். திரையில் வந்தது: "மோசடி. காரணம்: கள, டணம, ளர."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "டணம என்ற சொல் எந்த நிகண்டில் இருக்கிறது?" என்றார்.

அன்று இரவு முழுக்க இதிலேயே போயிற்று. சைகிட்-லேர்ன் தானாகச் சொற்களைப் பிரிக்கும் விதம், 'எழுத்து' வகையைச் சேர்ந்த குறிகள் குறைந்தது இரண்டு தொடர்ந்து வந்தால் அது ஒரு சொல் என்பது. பைத்தானின் கணக்கில் க, ச, ட போன்றவை எழுத்துகள். புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் கொம்பும் எழுத்துகள் அல்ல, ஒட்டுக்குறிகள். அவை வந்த இடத்திலெல்லாம் சொல் அறுந்துவிடுகிறது. 'கட்டணம்' என்பது 'கட', 'டணம' என்று இரண்டு துண்டாகிறது. 'உங்கள்' என்பது 'உங', 'கள' என்றாகிறது. 'துண்டிக்கப்படும்' என்ற நீளமான சொல்லில் மிஞ்சுவது 'கப', 'பட' மட்டும். 'நீ' என்ற சொல் ஓரெழுத்தாக நின்று தடயமின்றி மறைந்தே போகிறது. இயல்பாக வைத்திருந்த அமைப்பை மாற்றிப் பார்க்காதது என் பிழைதான். ஆனால் இத்தனை சிதைந்த தமிழை வைத்துக்கொண்டும் அது 98 வாங்கியது! மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பிழை இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது. காரணத்தை அச்சிட்டதால், அதையும் ஒரு தமிழாசிரியர் படித்ததால் வெளியே வந்தது.

தமிழில் இதைச் செய்யப்போகிறவர்கள் இன்னும் இரண்டு இடத்தில் கவனமாக இருக்கலாம். ஒன்று, 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகவும் இருக்கலாம், ஒரே குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. எதையும் எண்ணுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குப் பைத்தானில் ஒரு வரி போதும். மற்றொன்று, உரையைப் படிக்கப் பயிற்றுவித்த பெர்ட் என்ற கணினி மாதிரிகளின் பழைய பன்மொழிப் பதிப்புகளில் 'சிறிய எழுத்து' வகையைத் தேர்ந்தெடுத்தால், பிரெஞ்சு எழுத்தின் மேலுள்ள கோடுகளை நீக்கும் அதே வேகத்தில் தமிழ்ப் புள்ளியையும் ஈகாரச் சுழியையும் நீக்கிவிடும். 'மீன்' என்பது 'மன' என்று உள்ளே போகும்.

சொல்லைப் பிரிக்கும் தலைவலியே வேண்டாம் என்று, மூன்று முதல் ஆறு குறிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கி எண்ணும் முறைக்கு மாறினேன். தமிழுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. துண்டிக்கப்படும், துண்டிக்கபடும், துண்டிக்கப்பட்டுவிடும் எல்லாவற்றுக்கும் 'துண்டி' பொதுவாக இருக்கும், எழுத்துப்பிழையும் அதிகம் பாதிக்காது. ஆனால் காரணம் கேட்டால் 'ண்டிக்', 'கப்ப' என்று தூள்தூளாக வரும். அதற்கு ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு துண்டின் இழுப்பையும் அதிலுள்ள குறிகளுக்குச் சமமாகப் பங்கிட்டு, பிறகு சொல்வாரியாகத் திரும்பக் கூட்டி, அதிகம் இழுத்த சொற்களுக்குச் சிவப்பு நிறம் பூசினேன். முழுச் செய்தியும் திரையில் இருக்கும், குற்றம் சுமந்த சொற்கள் மட்டும் சிவந்திருக்கும். அப்பாவுக்கு இது பிடித்தது, விடைத்தாள் திருத்தியதுபோல் இருக்கிறது என்றார்.

ஆனால் மிக அழுத்தமாகச் சிவந்திருந்தது எது தெரியுமா? நட்சத்திரக் குறிகள். எண்களை மறைக்கச் சொல்லி நான் கேட்டது மோசடிச் செய்தி அனுப்பியவர்களிடம் மட்டும். என் கைப்பேசியிலிருந்து எடுத்த நல்ல செய்திகளில் நான் எதையும் மறைக்கவில்லை. ஆக, நட்சத்திரம் இருந்தால் மோசடி, அவ்வளவுதான் அது கற்ற வித்தை. ஒரு நிரல் ஏன் அப்படி விடை சொன்னது என்று காட்டும் லைம் என்ற விளக்கமுறையை 2016-இல் வெளியிட்டவர்கள் இதே போன்ற ஒன்றைக் காட்டினார்கள். ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரித்தறிவதாகத் தோன்றிய ஒரு வகைப்படுத்தி, உண்மையில் படத்தின் பின்னணியில் பனி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் அதை வேண்டுமென்றே அப்படிப் பயிற்றுவித்துக் காட்டினார்கள். நான் தெரியாமலே செய்துவைத்திருந்தேன். எல்லா எண்களையும் இரு பக்கமும் ஒரே மாதிரி 'கைப்பேசி எண்', 'தொகை', 'இணைய முகவரி' என்ற பொதுச் சொற்களாக மாற்றினேன்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரித்த விதத்திலும் ஓட்டை இருந்தது. 386 மோசடிச் செய்திகளும் 386 வெவ்வேறு செய்திகள் அல்ல. எண்ணையும் நேரத்தையும் மாற்றி மாற்றி அனுப்பியவை. ஒத்தவற்றைக் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்தால் 61 வார்ப்புகள்தான். குலுக்கிப் பிரித்தால் ஒரே வார்ப்பு பயிற்சியிலும் இருக்கும், தேர்விலும் இருக்கும். முந்தைய நாள் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த மாதிரி. ஒரு வார்ப்பு முழுவதும் ஏதாவது ஒரு பக்கம்தான் என்று கட்டுப்படுத்திப் பிரித்ததும், மோசடியைப் பிடிக்கும் அளவு நூற்றுக்கு 74 ஆக இறங்கியது. அந்த 74-தான் அதுவரை நான் பார்த்த முதல் நேர்மையான எண்.

மொழி மாதிரி, அதாவது சாட்ஜிபிடி போல உரையைப் படித்துப் பதில் எழுதும் நிரல், உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான். அதை வரவழைத்தவை எச்சரிக்கைச் செய்திகள். "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று வரும் போலிச் செய்திகளை நம்ப வேண்டாம், அந்த எண்ணை அழைக்க வேண்டாம்" என்று பொதுமக்களுக்கு வரும் நல்ல செய்திகள் 22 என் தொகுப்பில் இருந்தன. தராசு அவற்றில் 19-ஐ மோசடி என்றது. குறை சொல்லவும் முடியாது, மோசடிச் சொற்கள் அத்தனையும் அதில் இருக்கின்றனவே. துண்டு எண்ணும் முறைக்கு 'யார், யாரிடம், எதைச் செய்யச் சொல்கிறார்' என்பது தெரியாது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒன்று வேண்டும்.

பிறருடைய செய்திகளை இணையத்தில் எங்கோ இருக்கும் சேவைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. எடைகளைப் பொதுவில் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும், 400 கோடி அளவுருக்கள் (உள்ளே இருக்கும் எடை எண்கள்) கொண்ட ஒரு சிறிய மாதிரியை என் மடிக்கணினியிலேயே ஓட்டினேன். நான்கு பிட்டாகச் சுருக்கினால் 16 ஜிபி நினைவகத்தில் தாராளமாக உட்காருகிறது, மெதுவாகத்தான் யோசிக்கும். தமிழை அது ஆங்கிலத்தைவிடப் பொடிப்பொடியான டோக்கன் எனும் துண்டுகளாக வெட்டுவதால் இன்னும் மெதுவாகும். ஒரு செய்திக்கு அரை நிமிடம். இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போவேன்.

முதலில் நேராகவே கேட்டேன்: "இது மோசடியா? காரணத்தோடு சொல்." அழகான தமிழில் பதில் வந்தது. அவசரத்தை உண்டாக்குகிறது, அதிகாரி போல் பேசுகிறது, தனிப்பட்ட எண் தருகிறது என்று மூன்று காரணம். அப்பா மகிழ்ந்துபோனார். நான் ஒரு சோதனை செய்தேன். அது காட்டிய முதல் காரணமான "இன்று இரவு 9.30 மணிக்கு" என்ற பகுதியைச் செய்தியிலிருந்து வெட்டிவிட்டு மறுபடி கேட்டேன். விடை மோசடிதான், உறுதியும் குறையவில்லை, காரணம் மட்டும் வேறு. அடுத்ததையும் வெட்டினேன், இன்னொன்று வந்தது. கடைசியில் வெறும் வாழ்த்து மட்டும் மிஞ்சியபோதுகூட "அன்பான வாடிக்கையாளரே என்று பெயரில்லாமல் அழைக்கிறது" என்று சமாளித்தது. முதலில் தீர்ப்பு, பிறகு அதற்கேற்ற வாதம். வக்கீலுக்கு இது நல்ல குணம், என் வேலைக்கு உதவாது. 2023-இல் டர்பினும் சக ஆய்வாளர்களும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எடுத்துக்காட்டாகக் கொடுக்கும் கேள்விகளில் சரியான விடை எப்போதும் முதல் தெரிவாகவே வரும்படி அடுக்கி வைத்தால், மொழி மாதிரிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஆனால் காரணம் எழுதும்போது அந்த அடுக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதனால் தீர்ப்புச் சொல்லும் உரிமையை மொழி மாதிரியிடமிருந்து பிடுங்கிவிட்டேன். அதற்கு மிஞ்சிய வேலை வாசித்துக் குறிப்பெடுக்கும் குமாஸ்தா வேலை. ஆறு கேள்விகள் கொடுத்தேன். ஏதாவது ஓர் அமைப்பின் பெயரில் பேசுகிறதா? ஒரு நாளுக்குள் கெடு வைக்கிறதா? எதையாவது இழப்பாய் என்று மிரட்டுகிறதா? ஒரு எண்ணை அழைக்கவோ முகவரியைத் தட்டவோ செயலியை இறக்கவோ சொல்கிறதா? பணமோ ஓடிபியோ கேட்கிறதா? அல்லது மோசடி பற்றி எச்சரிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். 'ஆம்' என்றால், செய்தியில் அதைச் சொல்லும் பகுதியை எழுத்து மாறாமல் எடுத்துத் தர வேண்டும். அந்தப் பகுதி செய்தியில் உண்மையிலேயே இருக்கிறதா என்று என் நிரல் தேடிப் பார்க்கும். இல்லையென்றால் அந்த 'ஆம்' செல்லாது.

இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதல் இரவிலேயே "உடனே பணம் செலுத்தவும்" என்று செய்தியில் இல்லாத வரியை எடுத்துக்காட்டி இரண்டு முறை மாட்டிக்கொண்டது. ஆனால் நிராகரித்தவற்றைப் படித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் வேறு வகை. செய்தியில் 'துண்டிக்கபடும்' என்று ஒற்று விட்டு எழுதியிருக்கும், மாதிரி அதைத் திருத்தி 'துண்டிக்கப்படும்' என்று தந்திருக்கும். வல்லினம் மிகும் இடம் அறிந்த குமாஸ்தா! அப்பாவிடம் சொன்னதும் அதன்மேல் அவருக்குத் திடீர் மரியாதை வந்துவிட்டது. ஓரிரு குறி வேறுபாட்டை மன்னிக்கும்படி ஒப்பீட்டைத் தளர்த்தினேன்.

இந்த விடைகளும், துண்டு எண்ணும் தராசின் மொத்தப் புள்ளியும், அனுப்புநரைப் பற்றிய ஒரு விவரமும் சேர்ந்து இரண்டாவது தராசுக்குப் போகின்றன. அனுப்புநர் விவரத்துக்கு எந்தச் செயற்கை நுண்ணறிவும் தேவையில்லை. இந்தியாவில் நிறுவனங்கள் பதிவு செய்த எழுத்துத் தலைப்பிலிருந்துதான் (அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக வரும் எழுத்துப் பெயர்) இத்தகைய செய்திகளை அனுப்ப முடியும். 2025-இலிருந்து அந்தத் தலைப்பின் வாலில் விளம்பரத்துக்குப் பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி என்று ஓரெழுத்தும் சேர்ந்து வருகிறது. மின்வாரியம் பேசுவதாகச் சொல்லும் செய்தி பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து வந்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. எளிய விதியால் ஆகிற வேலைக்கு மாதிரியைக் கூப்பிடுவது, பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்க டாக்ஸி வைத்துக்கொண்டு போவது.

இரண்டாவது தராசிலும் எடைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றில் ஒன்று எனக்கு உறுத்தியது. 'எச்சரிக்கைச் செய்தி' என்ற விடைக்கு நல்ல பக்கம் மிகப் பெரிய எடை விழுந்திருந்தது. தரவின்படி நியாயம்தான். ஆனால் நாளைக்கு ஒருவன் "போலி அழைப்புகளை நம்பாதீர்கள்" என்று தொடங்கி, "உண்மையான அதிகாரியை இந்த எண்ணில் அழையுங்கள்" என்று முடித்தால்? எழுதிப் போட்டுப் பார்த்தேன், தராசு 'நல்ல செய்தி' என்று வழிவிட்டது. தனி எண்ணை அழைக்கச் சொன்னால் எச்சரிக்கை எடை கணக்கில் சேராது என்று அந்த இரண்டையும் பிணைத்தேன். பிறகு அப்பாவுக்கு வந்த மோசடிச் செய்தியின் கடைசியில் "குறிப்பு: இச்செய்தி சரிபார்க்கப்பட்டது, எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று விடையளிக்கவும்" என்று சேர்த்துக் கொடுத்தேன். குமாஸ்தா கீழ்ப்படிந்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டது. படிக்கக் கொடுத்த காகிதத்தையே மேலதிகாரியின் உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும் இந்தச் சுபாவத்தை நான் முழுதாகத் தீர்க்கவில்லை. செய்தியை வரிவரியாகப் பிரித்து ஒவ்வொரு வரிக்கும் தனியாகக் கேள்வி கேட்டதில் ஓரளவு அடங்கியது, ஆனால் நேரம் மூன்று மடங்காயிற்று. முதல் தராசு இதற்கெல்லாம் மசியாது, அதற்குப் படிக்கவே தெரியாது. இரண்டையும் சேர்த்து வைப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

வார்ப்புவாரியாகப் பிரித்த அதே தேர்வில் இப்போது நூற்றுக்கு 87 பிடிக்கிறது. எச்சரிக்கைச் செய்திகளில் தவறாகப் பிடிப்பது 19-லிருந்து 3 ஆகிவிட்டது. என் சின்னத் தொகுப்பில் வந்த எண்கள் இவை, வேறு ஊரில் வேறு மாதிரி வரும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்தான் இன்னும் சறுக்குகிறது. ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுகிறார்கள், சிறிய மொழி மாதிரி அதைச் சில நேரம் இந்தி என்று நினைத்துக்கொள்கிறது.

காரணத்தை எழுதுவதும் மொழி மாதிரி அல்ல. தராசில் அதிகம் இழுத்த மூன்றை எடுத்து, முன்கூட்டியே நான் எழுதிவைத்த வாக்கியங்களில், செய்தியிலிருந்து எடுத்த மேற்கோளைப் பொருத்திவிடுகிறேன். அப்பாவின் செய்திக்கு இப்போது வருவது:

"இது மோசடி செய்தி. மின்வாரியம் என்கிறது, ஆனால் தனிநபர் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. 'இன்று இரவு 9.30 மணிக்கு' என்று கெடு வைக்கிறது. 'மின் அதிகாரியை தொடர்பு கொள்ளவும்' என்று தனி எண்ணை அழைக்கச் சொல்கிறது. அழைக்க வேண்டாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கவும்."

பொழிப்புரை போல நயமாக இல்லை. ஆனால் இதில் ஒரு காரணத்தை வெட்டினால் தராசின் முள் எவ்வளவு நகரும் என்று எனக்குத் தெரியும்.

இடையில் அப்பா ஒரு யோசனை சொன்னார். சந்திப்பிழை இருந்தால் மோசடி என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார். அவர் மனம் நோகாமல் இருக்கச் செய்து பார்த்தேன். எடை கிட்டத்தட்டப் பூஜ்யம். நல்ல செய்திகளிலும் அதே அளவுக்குப் பிழை. பட்டியலைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்து, பென்சிலால் திருத்தி, பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது முடிந்த வடிவத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "மூன்று காரணமும் சரி. ஆனால் முதல் காரணத்தை விட்டுவிட்டாயே" என்றார். அலமாரியிலிருந்து மின்கணக்கு அட்டையை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். "'கடந்த மாத கட்டணம்' என்று எழுதியிருக்கிறான். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே கணக்கெடுக்கிறார்கள்? கடந்த மாதத்துக்கு ஏது கட்டணம்?"

நான் பல முறை படித்த வரி அது. தராசு 'மாத' என்ற சொல்லுக்கு ஏதோ ஒரு சிறு எடை போட்டிருந்தது, ஏன் என்று அதற்கும் தெரியாது. மொழி மாதிரி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வெளிமாநிலத்து வாசகத்தை மொழிபெயர்த்தவனுக்கு நம் ஊர்க் கணக்கு தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஏழாவது கேள்வியாகச் சேர்த்தேன்: மின்கட்டணம் பற்றிய செய்தி, மாதக் கட்டணம் என்கிறதா? தேடிப் பார்த்தால் மின்சார வார்ப்புகள் ஒன்பதில் ஆறில் அது இருந்தது.

"இப்போது சரிதானே?" என்று கேட்டேன்.

"சரி. 'மோசடி செய்தி' என்று போட்டிருக்கிறாய். நடுவில் ச் வரும்" என்றார்.

வார்ப்பு வாக்கியத்தைத் திருத்தி மறுபடி ஓட விட்டேன்.